கிழிக்க முடியாத பலகை

"ஏனுங்க தம்பி, அட்டாலில கெடக்கறதையெல்லாம் எறக்கி வெச்சிருங்க. நாளைக்கு வெள்ளையடிக்க ஆளு வருதுங்க" என்று வீட்டுக்காரர் சொன்னபோது மாலை ஐந்து மணி. பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டியில் இந்த ஓட்டு வீட்டுக்கு வாடகைக்கு வந்து ஐந்தாறு வருடம் ஆகிறது. சித்தூர் போகும் ரோட்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அட்டாலிப் பரணில் என்ன வைத்தேன் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது.

ஏணி போட்டு ஏறினேன். இந்தச் சூட்டில் எதற்கும் உதவாத இரண்டு ஸ்வெட்டர், அம்மாவின் கம்பளி, ஒரு குடை, அதற்குப் பின்னால் பெரிய பிளாஸ்டிக் டிபன் டப்பா ஒன்று. மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றியிருந்தது. பக்கத்தில் துளை போட்டு ஒயர் வெளியே வந்திருந்தது. கீழே நின்று வாங்கிய வீட்டுக்காரர் ஆட்டிப் பார்த்தார்.

"சோத்துப் பொட்டிக்குள்ள என்னமோ கடகடங்குது. எடைக்குப் போட்டறலாமுங்களா?"

"இருக்கட்டுங்க" என்று வெடுக்கென்று பிடுங்கினேன். மனுஷர் பயந்துபோய்விட்டார்.

அன்று ராத்திரிச் சாப்பாடு வைக்கக்கூட மறந்து அந்த டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஒரு பழைய வைஃபை பெட்டி. பேட்டரி செத்துப் பல வருடம் ஆகியிருக்கும். கடையிலிருந்து கொண்டுவந்த ஒயரில் கரண்ட் கொடுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பச்சை விளக்கு எரிந்தது. கண் கலங்கியது என்றால் சிரிப்பீர்கள். கலங்கத்தான் செய்தது.

எங்கள் தேயிலை எஸ்டேட் மூணாறிலிருந்து ஜீப்பில் ஒரு மணி நேரம். மலைச்சரிவில் ஏழு லயம். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டி நிற்கும் தொழிலாளி வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எட்டு வீட்டில் தும்முவார்கள். எதிர் மலையில் ஒரே ஒரு டவர் இருந்தது. பனி இறங்கினால் அதற்குக் குளிர் வந்துவிடும், மழை வந்தால் படுத்துவிடும். மூணாறு மழை வந்தால் எப்போது போகும் என்று உங்களுக்குத் தெரியும்.

என் வயதுக்காரி ஒருத்தி இருந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவள் அப்பா எஸ்டேட் எலக்ட்ரீஷியன். அவர் கூடவே ஏணி பிடித்து வளர்ந்ததில் சால்டரிங் அவளுக்குக் கைவந்த கலை. நான் அப்போது மூணாறு டவுனில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தேன். வாய்தான் எனக்கு அதிகம், கை அவளுக்குத்தான்.

எல்லாம் ஒரு நோட்டீஸில் தொடங்கியது. தினமும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் இடத்துக்கு மஸ்டர் என்று பெயர். அங்கே ஒரு பலகை உண்டு. மேல் லயத்துக் குழாயில் சேறாகத் தண்ணீர் வருகிறது என்று இவள் அழகான கையெழுத்தில் எழுதி அந்தப் பலகையில் ஒட்டினாள். கொழுந்து எடுக்கப் போனவர்கள் திரும்புவதற்குள் கிழித்துவிட்டார்கள். மறுபடி ஒட்டினாள். மறுபடி கிழித்தார்கள். மூன்றாம் தடவை ஒட்டிவிட்டு ஒதுங்கி நின்று பார்த்தாளாம். ஆபீஸ் பியூன் வந்து, ஒரு வரிகூடப் படிக்காமல், வெற்றிலைக் காம்பைக் கிள்ளுகிற மாதிரி கிழித்துப் போட்டானாம். படித்துவிட்டுக் கிழித்திருந்தால்கூட இவளுக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

நேராகக் கடைக்கு வந்தாள். "ஏல, கிழிக்க முடியாத பலகை ஒண்ணு செய்ய முடியுமால?"

முடியும் என்றேன். எப்படி என்று தெரியாமலேதான் சொன்னேன்.

மூணாறு லாட்ஜுகளில் கழித்துப்போட்ட வைஃபை பெட்டிகளைச் சேர்த்தேன். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அவற்றுக்குள் வேறு மென்பொருள் ஏற்றினேன். அவள் சோலார் தகட்டையும் பேட்டரியையும் கட்டி, டிபன் டப்பாவுக்குள் அடைத்து, மெழுகு ஊற்றி, தகரக் கூரைமேல் ஏறிப் பொருத்தினாள். லயத்துக்கு ஒன்று, மொத்தம் ஏழு. மேல் லயத்துக் கூரை ஏற முடியாத உயரம் என்பதால் அதற்கான பெட்டி மட்டும் பக்கத்து உர ஷெட்டில் இருந்தது. பேட்டரி மாற்றுவது, ரிப்பேர் எல்லாம் அந்த ஷெட்டில்தான். சாவி எங்கள் இருவரிடம் மட்டும்.

இதற்கு சிம் வேண்டாம், டவர் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். போனை எடுத்துப் பெட்டியோடு சேர்த்தால் பலகை திறக்கும். ஒருவர் எழுதியதைப் பெட்டி பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லும், அது அடுத்ததற்கு. கொஞ்ச நேரத்தில் ஏழு பெட்டியிலும் எல்லாமே இருக்கும். ஒன்றை உடைத்தாலும் மற்ற ஆறும் பேசும். உடைந்ததைச் சரிசெய்து வைத்தால் பக்கத்துப் பெட்டி எல்லாவற்றையும் திரும்பச் சொல்லிக்கொடுத்துவிடும். எவன் வந்து எதைக் கிழிப்பான்?

இரண்டே சட்டம். பேர் போடாமல் எழுதலாம். எழுதியதை யாராலும் அழிக்க முடியாது, எங்களாலும்கூட. கொழுந்து எடுப்பதில் எப்போதும் முதல் வரிசை பிடிக்கிற அக்கா ஒருத்தி, நம்பாமல், எங்கள் இருவர் கையையும் மாதா படத்தின்மேல் வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினாள். "படிச்ச பயலுவ பேச்சு பாதிதான் நெசம்" என்பது அவள் கட்சி.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சுக்குள் கதகதப்பாக இருக்கிறது. பன்னிரண்டாம் நம்பர் காட்டில் ஆனை நிற்கிறது, அந்தப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். டவுனுக்கு ஜீப் கிளம்புகிறது, இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. யார் வீட்டிலாவது கேஸ் சிலிண்டர் உண்டா? என் சிவப்புக் கோழியைப் பிடித்துக் குழம்பு வைத்தவர்களுக்கு வயிறு நோகட்டும். இதற்குக் கீழே யாரோ, 'குழம்பு நன்றாக இருந்தது' என்று எழுதியிருந்தார்கள். பேர் இல்லை. அந்த வாரம் முழுக்க லயத்தில் இதே பேச்சு. மழைக்குள் ஒடுங்கிக் கிடந்த ஏழு கூரையும் ஒரே வீடு மாதிரி ஆகிவிட்டது.

ஒரு நாள், பேர் போடாமல் ஒருத்தி எழுதினாள். ஒரு சூப்பர்வைசர் கொழுந்து எடுக்கும்போது பின்னால் வந்து உரசிக்கொண்டு நிற்கிறார் என்று. ரெண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் அதற்குக் கீழே ஒரு வார்த்தை: 'எனக்கும்.' மறுநாள் இன்னொரு 'எனக்கும்.' பிறகு வரிசையாக. ஆபீஸிலிருந்து ஆள் விட்டுக் கீழ் லயத்துப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பலகை அசையவில்லை. வாரம் முடிவதற்குள் அந்த ஆளை வேறு டிவிஷனுக்கு மாற்றினார்கள், பெட்டியும் திரும்பி வந்தது. நானும் அவளும் ஷெட்டில் உட்கார்ந்து பால் விடாத கட்டன் சாயா குடித்துக் கொண்டாடினோம். உலகத்துக்கே நியாயம் வாங்கிக் கொடுத்துவிட்டதாக எனக்கு நினைப்பு. கால் தரையில் பாவவில்லை.

அதற்கு அடுத்த ஆவணிதான் அவளுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சாந்தன்பாறையில் ஏலத்தோட்டத்து வேலை. ஜீப்பில் இரண்டு மூன்று முறை பார்த்துப் பேசியிருக்கிறாள். "ஏலக்காய் காய வைக்கிற மிஷினுக்கு ஒயரிங் கேட்டேன்ல, ஒழுங்கா பதில் சொன்னாரு" என்றாள். அவளிடம் அதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை படிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று. சாமியார் மாதம் ஒருமுறைதான் மலை ஏறுவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் ஜெபம் நடத்தி ஓலையும் படிப்பார். வாரநாளில் அவர் ஃபாக்டரியில் ஃபிட்டர். அவர் 'தடை' என்றதும் பின்பெஞ்சில் யாராவது இருமுவார்கள், எல்லாரும் சிரிப்பார்கள். தடை சொல்ல வேண்டுமென்றால் எழுந்து நின்று சொல்லவேண்டும், அல்லது சாமியாரிடம் போய்ச் சொல்லவேண்டும். முகம் காட்டாமல் முடியாது. அதனால் எனக்குத் தெரிந்து யாரும் சொன்னதே இல்லை.

முதல் ஓலை படித்த மறுநாள் பலகையில் அது வந்தது. 'ஓலை படிக்கிறார்கள். பெண் உர ஷெட்டுக்குள் யாரோடு மணிக்கணக்கில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று சாந்தன்பாறைக்காரர்கள் விசாரித்தார்களா?'

பேர் இல்லை. சட்டப்படி பேர் தேவையுமில்லை.

அந்த 'யாரோ' நான்தான் என்பது ஏழு லயத்துக்கும் தெரியும். கதவைச் சாத்தியது மழைச்சாரல் பேட்டரியில் அடிக்காமல் இருக்க. அங்கே நடந்ததெல்லாம் சால்டரிங் புகையும் சண்டையும்தான். என் மனதில் ஒன்றுமே இருந்ததில்லை என்று மாதா படத்தின்மேல் கை வைக்கமாட்டேன். அவள் மனதில் இருந்ததில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் நான் ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? வியாழனுக்குள் செய்தி மலை தாண்டிச் சாந்தன்பாறை போய்விட்டது. மூன்றாம் ஓலையும் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லியனுப்பினார்கள். கல்யாணப் புடவை எடுக்கப் போக இருந்தவர்கள் போகவில்லை. அவள் அம்மா வாசலுக்கே வருவதில்லை.

நான் என்ன செய்தேன்? ஒரு மத்தியானம், எல்லாரும் மலையில் இருக்கும் நேரம், ஷெட் பெட்டியைத் திறந்து அந்த வரியைத் துடைத்தேன். ஓடிப்போய்க் கீழ் லயத்துக் கூரையில் ஏறி அங்கேயும் துடைத்தேன். அவசரத்தில் அதோடு சேர்ந்து வேறு பலதும் போயிற்று. அடுத்த கூரையில் நான் ஏறும்போதே ஷெட் பெட்டி பக்கத்துப் பெட்டியிடம் கேட்டு எல்லாவற்றையும் திரும்ப வாங்கி வைத்துவிட்டது. போனைப் பார்த்தால் அந்த வரி முதல் வரியாக நின்றது. அவ்வளவு திறமையாகச் செய்து வைத்திருந்தோம்.

இறங்கும்போது ஏணிக்குக் கீழே முதல்வரிசை அக்கா நின்றாள். காய்ச்சலில் வேலைக்குப் போகாமல் இருந்திருக்கிறாள். கையில் போன்.

"பலகையில பாதியக் காணமேன்னு பாத்தேன். நீதானா?"

"அவளுக்காகத்தான்க்கா. ஒரே ஒரு வரி."

"அந்த சூப்பர்வைசரப் பத்தி மொதல்ல எழுதினது யாருன்னு நெனைக்க? நாந்தான். ஒங்க சத்தியத்த நம்பி எழுதினேன். இன்னிக்கு அவளுக்காக அழிப்ப. நாளைக்கு ஆபீஸ்ல கூப்பிட்டு நாக்காலி போட்டுச் சொன்னா என் வரிய அழிப்ப."

"அப்ப இந்த அநியாயத்தப் பாத்துட்டுச் சும்மா இருக்கச் சொல்லுதீங்களா?"

"சும்மா இருன்னு நான் எங்க சொன்னேன்? அழிக்காதன்னுதான் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு இருமிக்கொண்டே போய்விட்டாள்.

வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்னொன்றும் செய்யலாம் என்று தோன்றியது. அந்த வரி எந்தப் பெட்டிக்கு முதலில், எந்த மாதிரிப் போனிலிருந்து வந்தது என்று பார்த்தால், எந்த லயம் என்று தெரியும். பார்த்தேன், தெரிந்தது. அந்த லயத்தில் யாருக்கு அப்படிப்பட்ட போன் இருக்கிறது என்று ரிப்பேர் கடைக்காரனான எனக்குத் தெரியாதா? ஒரு பேர் மனதில் வந்து நின்றது. அதை யாரிடமும் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. அந்த ஆளைக் காட்டிக்கொடுத்தால், அதே வழியில் 'எனக்கும்' என்று எழுதிய அத்தனை பெண்களையும் காட்டிக்கொடுக்கலாம். சத்தியத்தை இந்த அளவுக்காவது காப்பாற்றினேன் என்று எனக்குள் பெருமைவேறு பட்டுக்கொண்டேன். அந்த நாட்களில் அவள் வீட்டுப் பக்கம் நான் போகவேயில்லை. போனால் இன்னும் பேசுவார்கள் என்று ஒரு சாக்கு.

மூன்றாம் ஞாயிறு. உபதேசியார் ஓலையைப் படித்து, "தடை ஏதும் தெரிந்தவர்கள்" என்று முடிக்கவில்லை. இந்தத் தடவை பின்பெஞ்சில் யாரும் இருமவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து அவள் எழுந்தாள்.

"உபதேசியாரே, ஒரு தட இருக்குன்னு எழுதியிருக்காங்க. நான் படிச்சிருதேன்."

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். இப்படி ஒரு சடங்கு அவர் புத்தகத்தில் இல்லை. "பொண்ணே படிக்கலாமாம்மா?" என்றார் பாவம்.

அவள் போனை எடுத்து அந்த வரியை ஒரு எழுத்து விடாமல் படித்தாள். பிறகு நிமிர்ந்து, "எழுதினவங்க இங்கதான் இருப்பீங்க. எந்திரிச்சு நின்னு சொல்லுங்க. நான் நின்னுக்கிட்டே இருக்கேன்" என்றாள்.

நின்றாள். என் மனதில் இருந்த அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் மூன்று பெஞ்சு தள்ளிக் குனிந்திருந்தார். நானும் குனிந்துதான் இருந்தேன். என்னால் எழுந்திருக்க முடிந்திருக்கும். "அந்த ஆள் நான்தான், அங்கே ஒன்றும் நடக்கவில்லை" என்று ஒரு வாக்கியம். கால் வரவில்லை.

யாரும் எழவில்லை. உபதேசியார், "தடை ஒன்றுமில்லை" என்று சத்தமாகச் சொல்லி, சிலுவை போட்டுக்கொண்டார்.

வெளியே பன்னும் கட்டன் சாயாவும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளே என்னிடம் வந்தாள். நான் முந்திக்கொண்டு சொன்னேன்: "அழிக்க என்னவெல்லாமோ செஞ்சு பாத்தேன், தெரியுமா? கூரையெல்லாம் ஏறினேன்."

"அழிக்கச் சொல்லி நான் ஒங்கிட்ட கேட்டேனால?"

"பின்ன?"

"அடில ஒரு வரி எழுதியிருக்கலாம்லா. ஒம் பேரப் போட்டு."

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகக்கூட இல்லை. அந்த அமைதியான குரல்தான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. இரண்டு வாரம் அழிக்க வழி தேடினேன், எழுதியவரைக் கண்டுபிடிக்க வழி தேடினேன். 'எனக்கும்' 'எனக்கும்' என்று கீழே கீழே எழுதித்தான் அந்தப் பெண்கள் ஜெயித்தார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். என் பேரை எழுதலாம் என்று மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை. தோன்றாதது மாதிரி இருந்தேன் என்பதுதான் உண்மை.

அன்று சாயங்காலமே அந்த வரிக்குக் கீழே முதல் பேர் விழுந்தது. முதல்வரிசை அக்கா. தானே எழுதியிருக்கிறாள். 'நான் நம்பவில்லை' என்று, பேரோடு செக்ரோல் நம்பரையும் சேர்த்து. எஸ்டேட்டில் சம்பளப் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. அதைப் போட்டால் கையெழுத்துப் போட்டதற்குச் சமம். அதைப் பார்த்து ஆளாளுக்குப் பேரும் நம்பரும் போட ஆரம்பித்தார்கள். உபதேசியார் தன் ஃபாக்டரி நம்பரைப் போட்டார். பேர் போடாமல் எழுதுவதற்கென்றே செய்த பலகை, செக்ரோல் புத்தகம் மாதிரி நிறைந்தது.

நான் அப்போதும் எழுதவில்லை. "நீ எழுதினா இன்னும் மோசமாப் பேசுவாங்க" என்று அம்மா சொன்னாள், அதைப் பிடித்துக்கொண்டேன். புதன்கிழமை சாந்தன்பாறையிலிருந்து மாப்பிள்ளையே ஜீப்பில் வந்தார். யாரிடமோ விவரம் கேட்டு, கீழ் லயத்துக் கூரைக்குக் கீழே மழையில் நின்று போனைப் பெட்டியோடு சேர்த்து, தன் பேரை எழுதிவிட்டு, அவள் வீட்டில் சாயா குடித்துவிட்டுப் போனார். வெளியூர்க்காரர், எஸ்டேட் நம்பர்கூட இல்லாதவர். அவர் எழுதின பிறகுதான் நான் எழுதினேன். வியாழக்கிழமை, கடையை அடைத்துவிட்டு வந்து.

கல்யாணம் நன்றாக நடந்தது. இரண்டு வருடத்தில் பெரிய கம்பெனி டவர் வந்தது, எல்லார் கையிலும் நெட் வந்தது. யார் எதை எழுதுகிறார்கள், யார் அழிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பெட்டிகள் நின்றுபோயின, கூரை மாற்றும்போது ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டார்கள். மிஞ்சியது ஷெட்டில் இருந்த இந்த ஒன்றுதான்.

வீட்டுக்காரர் வீட்டில் விளக்கு அணைந்த பிறகும் நான் பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன். ஆனை, ஜீப், சிவப்புக் கோழி, குழம்பு நன்றாக இருந்தது. 'எனக்கும்'களின் வரிசை. பிறகு அந்த வரி, அதற்குக் கீழே பேர்கள், நம்பர்கள், ஒவ்வொன்றுக்கும் நாளும் நேரமும். எல்லாவற்றுக்கும் அடியில், நம்பர் இல்லாமல், என் பேர்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஏழு பெட்டி இருந்தபோது யாராலும் எதையும் மாற்ற முடியவில்லை. இப்போது இருப்பது ஒன்று, அதுவும் என் மடியில். நான் நினைத்தால் அந்த வரியை அழிக்கலாம். நினைத்தால் என் பேரை மேலே, முதல் இடத்துக்கு, அந்தத் திங்கட்கிழமைக்கே நகர்த்தலாம். கேட்க நாதியில்லை. கை துறுதுறுத்தது என்பதை மறைக்கமாட்டேன்.

மறுநாள் வெள்ளையடிக்க ஆள் வருவதற்கு முன்னால், பெட்டியில் இருந்ததை அப்படியே ஒரு மெமரி கார்டில் ஏற்றி, பஞ்சுக்குள் வைத்து, சாந்தன்பாறையில் இருக்கும் அவளுக்குக் கூரியரில் அனுப்பினேன். இனி இரண்டு பிரதி. இனி நான் ஒருவனாக எதையும் திருத்த முடியாது.

நாலு நாள் கழித்து அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. "எல்லாம் படிச்சோம். அவரு கோழிக்கொழம்புக்கு அப்படிச் சிரிச்சாரு. ஒம் பேரு கடைசியா இருந்தாலும் இருக்குலா."

சுண்ணாம்பு வாசனை போகாத வீட்டில் உட்கார்ந்து அதை நாலைந்து தடவை படித்தேன்.